வளைந்த கூரையும் ஒரே அச்சும்

கம்ப்யூட்டரில் பொத்தானைத் தட்டினால் கட்டடம் முளைத்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களையெல்லாம் பிடித்துவந்து அளவுக்காரியின் நாற்காலியில் ஒரு நாள் உட்காரவைக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் எழுந்து ஓடிவிடுவார்கள். அவளோ அந்த நாற்காலியின் சக்கரம் தேய்ந்து, துணி கிழிந்து, ஆபீஸ்காரர்களே வெட்கப்பட்டு "புதுசு வாங்கித் தர்றோம்மா" என்று சொன்ன பிறகும் அதை விடவில்லை. பிடித்ததை விடுகிற பழக்கம் அவளுக்குப் பிறவியிலேயே கிடையாது.

அளவுக்காரி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் சமையலறை அலமாரியில் பாத்திரங்களை அடுக்கச் சொன்னார்கள். அவள் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து முதலில் அலமாரியை அளந்தாள். பிறகு பாத்திரங்களை அளந்தாள். பிறகு, "இந்தப் பெரிய பானை இங்க நிக்காது, ரெண்டு விரல் வெளியே நீட்டும்" என்றாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கணவரின் அக்கா, "நல்லா பாத்துக்கடா தம்பி, உனக்குப் பொண்டாட்டி வரல, அளவுக்காரி வந்திருக்கா" என்றாள். பானை ரெண்டு விரல் வெளியே நீட்டத்தான் செய்தது. பெயரும் ஒட்டிக்கொண்டது.

நாத்தனாரும் லேசுப்பட்டவள் இல்லை. இன்னொருவர் பட்டறையில் பல வருஷம் தகடு வெட்டிவிட்டு, ஒரு பழைய பிரஸ் மெஷினை வாங்கி, பழைய இரும்புக் கடைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டுத் தானே முதலாளி ஆனவள். அவள் பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டாக இருக்கும். தப்பு என்ற சொல் அடுத்தவர்களுக்காக உண்டானது என்பது அவளுடைய கொள்கை. ஒருமுறை ஆசையாக ஒரு கட்டில் வாங்கிவந்தாள். "வாசல்ல நுழையாது அண்ணி" என்று அளவுக்காரி முன்பே சொல்லியிருந்தாள். நுழையவில்லை. நாத்தனார் அசரவே இல்லை. "கட்டில் சரியாத்தான் இருக்கு, கதவைத் தப்பா வெச்சிருக்கானுங்க" என்று சொல்லிவிட்டு, கொத்தனாரைக் கூப்பிட்டுக் கதவை அகலமாக்கினாள்.

இப்படி ஏட்டிக்குப் போட்டியாக இருந்த இருவருக்கும் நடுவில் அளவுக்காரியின் கணவர். ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்கிற வேலை அவருக்கு. நாள் முழுக்க வருகிற வண்டி, போகிற வண்டி என்று பேசித் தீர்த்துவிடுவதால் வீட்டில் வாயைத் திறக்க மாட்டார். திறந்தால் எதையும் இரண்டு முறை சொல்வார்.

அளவுக்காரி கட்டட வரைபட ஆபீஸில் சேர்ந்தபோது மெல்லிய தாளை வைத்து மையால் நகலெடுக்கிற வேலைதான் கொடுத்தார்கள். அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. நகலெடுக்கிறவர்களுக்கு வேலை இல்லாமல் போனது. அவளை வரவேற்பு மேசையில் உட்காரவைத்து போன் எடுக்கச் சொல்லலாமா என்று ஒரு பேச்சு அடிபட்டது. அது அவள் காதுக்கு வந்தது. யாரிடமும் போய் அழவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கதை பேசும்போது காலியாக இருந்த மெஷினில் உட்கார்ந்து, ஒரு கையில் சாப்பாடும் ஒரு கையில் மவுஸுமாகக் கற்றுக்கொண்டாள். கீ-போர்டில் சாப்பாடு சிந்தியதற்குத் திட்டு வாங்கினாள். மறுநாளும் உட்கார்ந்தாள். நேர்க்கோட்டுப் படம் கற்று முடித்த கையோடு, மற்றவர்கள் பயந்து ஒதுங்கிய பாராமெட்ரிக் மென்பொருளிலும் தலையை விட்டாள்.

அந்த மென்பொருளில் கோடு போடுகிற வேலை குறைவு. திரையில் சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்கும். ஒவ்வொரு பெட்டியும் ஒரு காரியம் செய்யும். ஒன்று கோட்டைத் துண்டு போடும், ஒன்று புள்ளி வைக்கும், ஒன்று அளக்கும். ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குக் கம்பி இழுத்து இணைத்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு கட்டடம் நிற்கும். ஓர் எண்ணை மாற்றினால் மொத்தக் கட்டடமும் தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும். அளவுக்காரிக்கு இது உச்சி குளிர்ந்துபோகிற விஷயம். ராத்திரி கனவிலும் கம்பி இழுத்தாள் என்று கணவர் சொன்னார். இரண்டு முறை சொன்னார்.

அப்போதுதான் அந்த நீச்சல்குளத்துக் கூரை வந்தது. ஊருக்குப் பொதுவான குளம். கவிழ்த்துவைத்த உள்ளங்கைபோல ஒரு பெரிய கூரை. நடுவில் தட்டையாகப் போய், வாசல் பக்கம் வரும்போது சட்டென்று வளைந்து கீழே இறங்கும். அந்த வளைகிற ஓரத்தை ஆபீஸில் உதடு என்றார்கள். கூரை முழுவதையும் அலுமினியத் தகடுகளால் மூட வேண்டும்.

எதிர் மேசைக்காரர் கெட்டிக்காரர், நல்ல மனிதரும்கூட. அவர் சொன்ன வழி சுலபமானது. கட்டம் போட்ட ரப்பர் துணியைக் கூரைமேல் இழுத்துப் போர்த்துவதுபோல மென்பொருளே கட்டங்களைப் பரப்பிவிடும். நடுவில் கட்டம் பெரிதாக வரும், ஓரத்தில் சின்னதாக வரும். ஒன்றைப்போல ஒன்று இருக்காது. அதனால் என்ன, தொலைவில் ஒரு பெரிய ஆலை இருக்கிறது, ஒவ்வொன்றையும் தனித்தனி அளவில் மெஷினே வெட்டி நம்பர் போட்டு அனுப்பிவிடும்.

அளவுக்காரி கையைத் தூக்கினாள்.

"எல்லாத் தகடும் ஒரே அளவா இருக்கட்டும் சார்" என்றாள் ஆபீஸ் தலைவரிடம். "புயல்ல பத்து தகடு பிச்சுக்கிட்டுப் போச்சுன்னா, தனித்தனி அளவுல இருந்தா ஒவ்வொண்ணுக்கும் ஆலைக்கு எழுதிப் போட்டு உக்காந்திருக்கணும். ஒரே அளவுன்னா மூலையில அடுக்கி வெச்சதுல இருந்து எதை எடுத்தும் மாட்டலாம்."

"வளைஞ்ச கூரையில ஒரே அளவு தகடு எப்படிம்மா உக்காரும்?"

"தகடு மாறாது. இடைவெளி மாறும். நகக்கண்ணு அளவுல இருந்து ஒரு விரல் வரைக்கும் இடைவெளியை விட்டுப் பிடிக்கலாம். நான் போட்டுக் காட்டறேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இன்னொண்ணும் சொல்லிடறேன் சார். அந்த அளவுத் தகட்டுக்கு அச்சு என் நாத்தனார் பட்டறையில இருக்கு. பின்னாடி யாராவது சொல்லி நீங்க தெரிஞ்சுக்க வேண்டாம்" என்றாள்.

அந்த அச்சு ஒரு கம்பெனி வேலித் தகட்டுக்காகச் செய்யச் சொல்லி, பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனது. அரை ஆள் உயரத்துக்கும் சற்றுக் குறைவான சாய்சதுரத் தகட்டை ஒரே அடியில் வெட்டித் தள்ளும். பட்டறையின் வழக்கமான வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். பிரஸ் மெஷின் வாரத்தில் பாதி நாள் சும்மா நின்றது. பழைய இரும்புக் கடைக்காரர் கொட்டகைப் பக்கம் வந்து மெஷினை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்திருந்தார். இந்தக் கூரை வந்தால் பட்டறை பிழைக்கும், வராவிட்டால் அந்த மெஷின் எடைக்குப் போகும். வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

ஆபீஸ் தலைவர் சிரித்துக்கொண்டே, "சரி, உதட்டுப் பகுதியை மட்டும் முழு அளவுல ஒரு மாதிரி கட்டிப் பாப்போம். உக்காந்தா உங்க வழி. உக்காரலைன்னா அவர் வழி" என்றார்.

அளவுக்காரி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கூரையின் முதுகில் ஒரு கோடு. அங்கிருந்து வாசல் பக்கம் இறங்குகிற வரிசை வரிசையான கோடுகள். ஒவ்வொரு கோட்டையும் தகட்டு நீளத்துக்குத் துண்டு போட்டு, துண்டு முடிகிற இடத்தில் ஒரு தாங்கி. தகட்டின் மேல் முனையும் கீழ் முனையும் தாங்கிகளில் போல்ட் போட்டு நிற்கும். பக்கத்து முனைகள் சும்மா இருக்கும், இடைவெளி கூடுவதும் குறைவதும் அங்கேதான். ஒரு பக்கம் இடைவெளி சரியாக வந்தால் மறுபக்கம் தகடுகள் முட்டிக்கொண்டன. முதுகுக் கோட்டை நகர்த்தினாள். மறுபடி நகர்த்தினாள். சொந்தமாக ஒரு சோதனைப் பெட்டியும் செய்துகொண்டாள். அது தாங்கிக்குத் தாங்கி எவ்வளவு தூரம் என்று அளந்து, சரியாக இருந்தால் பச்சை காட்டும். ஒரு நாள் சாயந்திரம் மொத்தக் கூரையும் பச்சையாக நின்றது. அவள் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தாள். பச்சைதான்.

மாதிரிக் கூரையைக் காண்ட்ராக்டரின் களத்தில் கட்டினார்கள். இரும்புக் குழாய்களை வளைத்து, அவள் கொடுத்த புள்ளிகளில் தாங்கிகளை வெல்டு வைத்திருந்தார்கள். நாத்தனார் தகடுகளோடு வேனில் வந்து இறங்கினாள். ஆபீஸ் தலைவர், எதிர் மேசைக்காரர், காண்ட்ராக்டர் எல்லாரும் தலையில் தொப்பி போட்டுக்கொண்டு நின்றார்கள்.

மேல் வரிசைத் தகடு அம்சமாக உட்கார்ந்தது. இரண்டாவது வரிசையை ரப்பர் சுத்தியலால் தட்டி உட்காரவைத்தார்கள். மூன்றாவது வரிசை, உதட்டில், உட்காரவே இல்லை. தகட்டின் துளை ஓரிடத்தில் இருக்கிறது, தாங்கியின் துளை ஓரிடத்தில் இருக்கிறது. ஆறு மில்லிமீட்டர் தாண்டிப் போய் நின்றது தகடு. பலம் கொடுத்து அழுத்தினால் வயிற்றைத் தள்ளிக்கொண்டு படாரென்று சத்தம் போட்டது.

"படம் தப்பா, தகடு தப்பா?" என்றார் காண்ட்ராக்டர். அவருக்கு அரைவேக்காட்டுப் பேச்செல்லாம் ஆகாது.

அளவுக்காரி மடிக்கணினியைத் திறந்து சோதனைப் பெட்டியை ஓட்டினாள். பச்சை. மறுபடி ஓட்டினாள். பச்சை.

"படத்துல இம்மியளவும் பிசகலை" என்றாள்.

எல்லாக் கண்களும் நாத்தனார் பக்கம் திரும்பின. காண்ட்ராக்டர் டேப்பை எடுத்துத் தகட்டின்மேல் வைத்தார். ஓரத்தில் வெட்டுப் பிசிறு நீட்டிக்கொண்டிருந்ததால் டேப் ஒரு கோடு அதிகமாகக் காட்டியது. "அதிகமாத்தான் இருக்கு போலயே" என்றார்.

கதவைத் தப்பாக வைத்தவன்மேல் பழி போட்டவள் இப்போது எல்லாரையும் உண்டு இல்லை என்று பண்ணப்போகிறாள் என்று அளவுக்காரி காத்திருந்தாள். நாத்தனார் தகட்டைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். அளவுக்காரியின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள்.

"அச்சோட வாய் தேஞ்சு அகண்டிருக்கும். தப்பு எங்களோடதுதான். சரிபண்ணிக் கொண்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிவிட்டாள்.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அன்றைக்கு வீடு திரும்பும்போது அளவுக்காரிக்கு உள்ளூர ஒரு குறுகுறுப்பு. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக நாத்தனார் தப்பு, அவள் சரி. அதுவும் நாலு பேர் முன்னால். சந்தோஷப்படக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். பட்டாள். கணவரிடம் சொன்னபோது அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "அக்கா தப்புன்னு ஒத்துக்கிட்டாளா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அக்காவா ஒத்துக்கிட்டா?" என்றார். வழக்கமான இரண்டாவது தடவை இல்லை அது. அந்தக் கேள்வி அவள் மனசில் முள்ளாகத் தைத்தது.

மறுநாள் காலை ஆபீஸில், அச்சை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று நாத்தனாருக்குச் சொல்வதற்காகக் கணக்கை எடுத்தாள். மூன்றாம் வரிசையில் ஆறு மில்லிமீட்டர் அதிகம். அப்படியானால் ஆறு குறைக்க வேண்டும். இரண்டாம் வரிசையில் இரண்டுதான் அதிகம். முதல் வரிசையில் ஒன்றுமே இல்லை. ஆறு குறைத்தால் முதல் வரிசையில் துளை தாங்கிக்கு எட்டாமல் போய்விடும்.

மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

எல்லாத் தகடும் ஒரே அச்சில் வந்தவை. அச்சு தேய்ந்து ஒரு தகடு பெரிதாகியிருந்தால் எல்லாத் தகடும் அதே அளவு பெரிதாகியிருக்க வேண்டும். மேலே சரியாக இருந்து கீழே மட்டும் எப்படிப் பெரிதாகும்? கடையில் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த சோப்பு, குளியலறையில் சின்னதாகவும் சமையலறையில் பெரிதாகவும் இருக்குமா? தகடு மாறவில்லை. மாறியது அதன் கீழே இருந்த தூரம்தான்.

கம்பிகளைப் பிடித்துக்கொண்டே முதல் பெட்டி வரை பின்னால் போனாள். அங்கே உட்கார்ந்திருந்தது தப்பு. கோட்டைத் துண்டு போட மென்பொருளில் இரண்டு பெட்டிகள் உண்டு. ஒன்று கோட்டின் மேலேயே வளைந்து வளைந்து போய் அளக்கும். இன்னொன்று ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு நேராக அளக்கும். கூரையின் தட்டையான நடுப்பகுதியில் முதலில் போட்டுப் பார்த்தபோது இரண்டும் ஒரே விடைதான் கொடுத்தன. அவள் வளைந்து அளக்கிற பெட்டியை வைத்துவிட்டாள். பிறகு வளைகிற உதட்டுக்கு வந்தாள், பெட்டியை மாற்றவில்லை. அதோடு நின்றதா? அவள் பெருமையாகச் செய்த சோதனைப் பெட்டியும் அதேபோல வளைந்துதான் அளந்தது. தப்பான டேப்பால் வெட்டி, அதே டேப்பால் சரிபார்த்து, பச்சை பச்சை என்று மகிழ்ந்திருக்கிறாள்.

காது சூடாகிவிட்டது அவளுக்கு. அவமானத்தைவிட இன்னொரு நினைப்புதான் அவளை நாற்காலியிலிருந்து தூக்கியது. அச்சிலும் தகட்டிலுமே வாழ்நாளைக் கழித்த நாத்தனாருக்கு இந்தச் சோப்புக் கணக்கு தெரியாதா? அந்தக் களத்தில், தகட்டையும் குழாயையும் ஒரு பார்வை பார்த்தபோதே தெரிந்திருக்கும். தெரிந்தேதான் பழியை வாங்கிக்கொண்டு வேனில் ஏறியிருக்கிறாள். இப்போது அந்த அச்சில் வெல்டிங் வைத்துச் சின்னதாக்கப் போகிறாள். பதம் போட்ட இரும்பில் நெருப்புப் பட்டால் விரிசல் விடும். ஒரே அச்சு. அது போனால் பட்டறையும் போயிற்று.

போன் எடுக்கவில்லை நாத்தனார். அளவுக்காரி ஆட்டோ பிடித்து ஓடினாள். அச்சு மெஷினிலிருந்து இறங்கி மேசைமேல் கிடந்தது. வெல்டர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கம்பியைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

"கையை எடுங்கண்ணே!" என்று வாசலிலிருந்தே கத்தினாள்.

"என்னடி இது, தீப்பிடிச்ச மாதிரி?" என்றாள் நாத்தனார்.

"அச்சு சரியா இருக்கு. என் படம்தான் தப்பு. உங்களுக்குத் தெரியும்தானே அண்ணி?"

நாத்தனார் வெல்டரைப் பார்த்து, "போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்றாள். அவர் போனதும் குரலைத் தாழ்த்தினாள். "தெரியாம என்ன. மேல உக்காந்த தகடு கீழ உக்காரலைன்னா தகடா தப்பு?"

"அப்ப ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"படம் தப்புன்னா வேலை எதிர் மேசைக்குப் போயிரும். அச்சு தப்புன்னா சரிபண்ணிக் கொண்டுவான்னு விடுவாங்க. இதுகூடத் தெரியாம தொழில் பண்ண முடியுமா?"

"சின்னதாக்கினா மேல் வரிசைக்கு எட்டாதே."

"மேல துளையை நீளமா அறுத்துக்குவேன்."

"அத்தனை தகட்டுலயுமா? கையாலயா?"

"கை எதுக்கு இருக்கு? வாயை மூடிக்கிட்டு ஆபீசுக்குப் போ. யாருக்கும் தெரியாது."

அது நடக்கக்கூடிய காரியம்தான் என்பதுதான் கொடுமை. அச்சு விரிசல் விடாமல் இருந்தால், நாத்தனார் அத்தனை தகட்டையும் ராவி அறுத்தால், கூரை நிற்கும். படம் போட்டவள் தலைநிமிர்ந்து நடக்கலாம். அளவுக்காரி அச்சை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். கிரீஸ் சட்டையெல்லாம் அப்பியது.

"இதுமேல நெருப்பு பட்டா நான் வேலையை விட்டுடுவேன். போன் எடுக்கிற மேசையில போய் உக்காந்துக்குவேன். சத்தியமா."

"பிடிவாதம் பிடிச்ச கழுதை" என்றாள் நாத்தனார். ஆனால் டீ குடித்துவிட்டு வந்த வெல்டரைத் திருப்பி அனுப்பினாள்.

ஆபீஸில் ஆபீஸ் தலைவரும் காண்ட்ராக்டரும் எதிர் மேசைக்காரரும் இருக்கும்போதே போய் நின்றாள். "தப்பு என்னோடது" என்றாள். சுற்றி வளைக்கவில்லை, கண்ணைத் தாழ்த்தவும் இல்லை.

காண்ட்ராக்டர் நெற்றியைத் தேய்த்தார். "நேத்து உங்க நாத்தனார் தன் தப்புன்னாங்க. இன்னைக்கு நீங்க உங்க தப்புங்கறீங்க. நாளைக்கு உங்க வீட்டுக்காரர் வந்து தன் தப்புன்னு அறிவிப்பாரா? குடும்பமா சேர்ந்து பழியை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டா நான் யாரை நம்பறது?"

"யாரையும் நம்ப வேண்டாம். களத்துக்கு வாங்க."

களத்தில் அவள் ஒரு நூலை எடுத்தாள். உதட்டுக் குழாயின்மேல் ஒரு தாங்கியிலிருந்து அடுத்த தாங்கிவரை ஒட்டிவைத்து அறுத்தாள். அந்த நூலை நீட்டித் தகட்டின்மேல் வைத்துக் காட்டினாள். தகட்டின் நீளமும் நூலும் கச்சிதமாக ஒன்றாக இருந்தன. பிறகு இரும்பு ஸ்கேலை எடுத்து அதே இரண்டு தாங்கிகளுக்கு நடுவில் நேராக வைத்தாள். ஆறு மில்லிமீட்டர் குறைந்தது.

"நூல் வளையும். தகடு வளையாது. நான் நூலை அளந்து தகடுக்கு இடம் வெச்சுட்டேன்."

காண்ட்ராக்டர் நூலை வாங்கித் தானே ஒருமுறை வைத்துப் பார்த்தார். ஆபீஸ் தலைவர் பெருமூச்சு விட்டார். "புரியுதும்மா. ஆனா நாள் ஓடிக்கிட்டிருக்கு. அவர் வழியிலயே போயிடலாமே."

"படம் போட்டதுதான் சார் தப்பு. ஒரே அளவுங்கறது தப்பில்லை" என்றாள். "அதே தகடு, அதே அச்சு. தாங்கியை மட்டும் நான் சொல்ற இடத்துக்கு மாத்துங்க. ஒரு தடவை. அப்பவும் உக்காரலைன்னா நானே அவர் படத்துக்கு நம்பர் போட்டுத் தர்றேன்."

எதிர் மேசைக்காரர் தொண்டையைச் செருமினார். "சார், எனக்கும் அந்த வளைஞ்சு அளக்கிற பெட்டிதான் எப்பவும் முதல்ல கைக்கு வரும். ஒரு தடவை பாக்கலாம்" என்றார். அளவுக்காரி அவரை நன்றியோடு பார்த்தாள்.

பெட்டியை மாற்றுவது ஒரு நிமிஷ வேலை. மாற்றியதும் கூரை தன்னைத் தானே மாற்றிக்கொண்டு, அவளுடைய பழைய ஒழுங்கையெல்லாம் குலைத்துப் போட்டது. உதட்டில் தகடு ஒன்று குறைந்தது. வாசலின் இடது பக்கம் வரிசைகள் நெருங்கி வந்து இடைவெளி நகக்கண்ணுக்கும் கீழே போயிற்று. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முதுகுக் கோட்டை மறுபடி நகர்த்த ஆரம்பித்தாள். இடது பக்கம் திறந்தால் வலது பக்கம் அடைத்தது. கோட்டை லேசாகச் சாய்த்துப் பார்த்தாள். சாய்த்ததை வளைத்துப் பார்த்தாள். சோதனைப் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, படம் போட்ட முறையோடு சம்பந்தமே இல்லாத வேறொரு சோதனையைச் செய்தாள். ஒரு முழுத் தகட்டையே வரைந்து ஒவ்வோர் இடத்திலும் வைத்து, துளையும் துளையும் ஒன்றன்மேல் ஒன்று வருகிறதா என்று பார்த்தாள். வராத இடமெல்லாம் சிவப்பாக எரிந்தது. சிவப்பு ஒவ்வொன்றாகக் குறைந்தது. கடைசிச் சிவப்பு அணைந்தபோது அவள் சந்தோஷப்படவில்லை. பச்சையை ஒருமுறை நம்பியாயிற்று. இனி இரும்பு சொல்லட்டும் என்று இருந்துவிட்டாள்.

மறுபடியும் களம். நாத்தனார் புதிதாக ஒரு தகடுகூட வெட்டவில்லை. அன்றைக்கு உட்காராமல் அவமானப்பட்ட அதே தகடுகளைத்தான் கொண்டுவந்தாள். உதட்டில் ஒன்று குறைகிறது அல்லவா, அதை மட்டும் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்தாள். முதல் வரிசை உட்கார்ந்தது. இரண்டாம் வரிசைக்குச் சுத்தியல் தேவைப்படவில்லை. மூன்றாம் வரிசைக்கு நாத்தனார் வேலையாட்களை விலக்கிவிட்டுத் தானே ஏணியில் ஏறினாள். தகட்டைத் தூக்கிப் பிடித்தாள். அளவுக்காரி கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரலால் தள்ளியதுமே போல்ட் துளைக்குள் போனது. அடுத்ததும் போனது. உதடு முழுவதும் மூடியபோது பக்கங்களில் இடைவெளி மெல்லக் கூடி மெல்லக் குறைந்து அலைபோல ஓடியது. யாரும் வரையாத ஓர் அழகு அது. காண்ட்ராக்டர் தகட்டில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினார். சத்தம் வரவில்லை.

"தகடு வெட்ட ஆரம்பிங்க" என்றார் ஏணியைப் பார்த்து. "மொத்தக் கூரைக்கும்."

நாத்தனார் இறங்கிவந்து முந்தானையால் கையைத் துடைத்தாள். காண்ட்ராக்டருக்கு ஒரு விஷயம் மட்டும் இன்னும் செரிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. அன்னைக்கு உங்க அச்சு தப்பில்லைன்னு உங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?"

"தெரியும்."

"அப்புறம் ஏங்க நாலு பேர் முன்னாடி அந்தப் பழியை வாங்கிக்கிட்டீங்க? வேலை போயிரும்னா?"

நாத்தனார் அளவுக்காரியைப் பார்க்கவில்லை. "வேலை எங்க போனா என்ன. இவ முகம் அப்படியே செத்துப் போச்சு. இன்னும் ஒரு நிமிஷம் விட்டா நீங்க ஏதாவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பீங்க. இவளைத் திட்டறதுக்கு வீட்டுல நான் இருக்கேன். வெளி ஆள் எதுக்குத் திட்டணும்?"

காண்ட்ராக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

வேனில் ஏறியதும் நாத்தனார் ஆரம்பித்தாள். அத்தனை நாள் அடக்கிவைத்திருந்ததையெல்லாம் கொட்டினாள். படிச்சவளாம், கம்ப்யூட்டராம், நேருக்கும் வளைவுக்கும் வித்தியாசம் தெரியாம எதுக்கு அந்த நாற்காலி, என் அச்சு வெடிச்சிருந்தா யாரு பதில் சொல்றது, இருக்கிற தலைமுடியும் உன்னால நரைச்சுப் போச்சு என்று சிக்னலுக்குச் சிக்னல் திட்டினாள். கடையிலும் வாசலிலும் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிற அளவுக்காரி அன்றைக்கு ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் வழிந்ததைத் துடைக்காமல், வீடு வரும்வரை முழுவதையும் கேட்டுக்கொண்டு வந்தாள்.